இசைத்தட்டும் மைக் செட்டும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய ஒலி பிழைத்த வரலாறு

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இசைத்தட்டுகளை நெடுங்காலம் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் மைக் செட் வாடகைக்கு விட்டவர்கள். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம் என எது நடந்தாலும் முதல் நாள் மாலையே பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். வசதியுள்ள வீடுகளின் கூடத்து அலமாரியிலும் தட்டுகள் இருந்தன. ஆனால் ஊரின் காதுக்கு எட்டியது மைக் செட்காரரின் ரெக்கார்டு பெட்டியில் இருந்த தட்டுதான். பிழைப்புக்கு வேண்டிய சரக்கு என்பதால் அது பேணப்பட்டது; பிழைப்பு வேறு கருவிக்கு மாறியபோது அதே காரணத்தால் கைவிடப்பட்டது.

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கியது. லண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் குரலைப் பதிவுசெய்து எடுத்துப் போனார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே கம்பெனி ஓர் ஆலை அமைத்தது. 1928-இல் அது தம்தமுக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு வெகுமுன்பே ஒலிப்பதிவாளர்கள் சென்னைக்கும் வந்துவிட்டார்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் தென்னிந்தியாவின் முதல் தலைமுறை இசைத்தட்டுப் பாடகிகள். பெரிய வித்துவான்கள் பலர் தயங்கி நின்ற காலம் அது. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கடைசிவரை தட்டுக்குப் பாடவேயில்லை. தேவதாசி மரபில் வந்த பெண்கள் முன்வந்து பாடியிராவிட்டால் அந்தத் தலைமுறையின் பாடுமுறை பற்றி இன்று நாம் ஏட்டில் மட்டுமே படிக்க முடியும். அவர்களுக்குத் தமிழ் இசை வரலாறு பட்டிருக்கும் கடன் பெரிது.

1925 வரை ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கொம்புக்குழாய்க்குள் பாட வேண்டும். அந்த அதிர்வே மெழுகில் பள்ளம் கீறும். மெல்லப் பாடினால் பதியாது, பக்கவாத்தியம் தள்ளி உட்கார வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் உண்டு. ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். இந்த நெருக்கடி சங்கீதத்தைக் கெடுத்தது என்பார் உண்டு. பழைய தட்டுகளைப் பொறுமையாகக் கேட்பவருக்கு வேறொன்றும் தெரியவரும்: முதல் சில விநாடிகளிலேயே ராகத்தின் உயிர்ப்பிடியைக் காட்டிவிடும் வித்தை அந்தத் தலைமுறைக்குக் கைவந்திருந்தது. மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் நுணுக்கமான ஒலிகளும் தட்டில் ஏறின. 1926-இல் பத்து வயதுச் சிறுமியாக எம். எஸ். சுப்புலட்சுமி தாயார் சண்முகவடிவின் வீணையோடு பாடிய முதல் தட்டு வந்தது. 1932-இல் முதுமையிலிருந்த வீணை தனம்மாளின் வாசிப்பைக் கொலம்பியா கம்பெனி பதிவுசெய்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் எல்லாம் தட்டு வழியாகவே கச்சேரி மேடையும் நாடகக் கொட்டகையும் எட்டாத ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1930-களின் தொடக்கத்தில் ஏ. வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மானிய ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளை விற்றது. ஏவிஎம் என்ற படக் கம்பெனிக்கு முன்கதை அதுவே.

சென்னைக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள இந்த வட்டாரத்துக்கு இசைத்தட்டு வந்த வழி ரயில் வழி. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திருவள்ளூர் வழியாகவே போயிற்று. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகப் பெஜவாடா (இன்றைய விஜயவாடா) பாதை பின்னர் வந்தது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், புத்தகத்துக்கும் பழைய சாமான்களுக்கும் பேர்போன சந்தை. புதுத் தட்டு மவுண்ட் ரோடு கடைகளில் கிடைத்தது. பழைய தட்டும் பழுதுபட்ட கிராமபோனும் மூர் மார்க்கெட்டில் கிடைத்தன. வெளியூர் மைக் செட்காரருக்கு இரண்டாவது கடைத்தெருதான் கட்டுப்படியானது.

அக்காலக் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் விரிந்து தட்டைச் சுழற்றும். அபிரகத் தகடு பொருத்திய சவுண்ட் பாக்ஸ் எஃகு முள்ளின் அதிர்வை ஒலியாக்கும். ஹெச்எம்வி 102 என்ற கைப்பெட்டி 1930-களின் தொடக்கம் முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் விற்பனையில் இருந்தது. மாட்டு வண்டியிலும் சைக்கிள் கேரியரிலும் கட்டி எடுத்துப் போகலாம். முள் சின்னத் தகர டப்பாவில் வரும். ஒரு பக்கம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. முள்ளுக்குக் காசு பார்த்து ஒரே முள்ளைப் பல முறை ஓட்டியவர்களின் தட்டுகளில் பள்ளம் வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கும். ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட கையில் இருந்தது என்று சேகரிப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒலிபெருக்கி, அரசியலின் கைபிடித்துப் பரவியது. 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துத் தந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபோது சவுண்ட் சர்வீஸ் ஒரு தனித் தொழிலாக வேர் பிடித்தது. வால்வு ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், இரண்டு குழாய், சில சுருள் வயர் இருந்தால் கடை திறந்துவிடலாம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உள்நாட்டிலேயே வால்வு தயாரிக்கத் தொடங்கியபின் பழுது பார்ப்பதும் எளிதாயிற்று. உடன்பிறப்புகளின் கூட்டத்துக்கு முன்னால் நாகூர் ஹனிபா, பிள்ளையார் சதுர்த்திக்குச் சீர்காழி கோவிந்தராஜன், கிருத்திகைக்கு டி. எம். சௌந்தரராஜன், ஆடிக்கு எல். ஆர். ஈஸ்வரி என்று எந்த நாளுக்கு எந்தக் குரல் என்பது எழுதாத சட்டம்.

இந்த வட்டாரத்தின் திருவிழா நாட்காட்டி மைக் செட் தொழிலுக்குப் பெரும் துணை. பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலின் ஆடித் திருவிழா வாரக்கணக்கில் நீளும். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும் வழியெல்லாம் ஒலிபெருக்கி. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது அந்தத் திருத்தணியில்தான் என்பது மரபு. 1960 ஏப்ரலில் எல்லைகள் மாற்றியமைக்கப்படும்வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. ஆகவே இங்குள்ள ரெக்கார்டு பெட்டிகளில் கண்டசாலாவின் தெலுங்குத் தட்டும் டி. எம். எஸ்ஸின் தமிழ்த் தட்டும் அடுத்தடுத்து இருந்ததில் வியப்பில்லை. இரண்டுமே பெரும்பாலும் சென்னை ஸ்டுடியோக்களில் பதிவானவை.

பழைய தட்டுகளை இன்று கையில் எடுத்தால் லேபிளின் ஓரத்தில் மையால் எழுதிய ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயர் அடிக்கடி கண்ணில் படும். சிலவற்றில் ரப்பர் ஸ்டாம்ப், சிலவற்றில் வரிசை எண். மற்றொரு கடையின் தட்டோடு கலந்துவிடாமல் இருக்கப் போட்ட அடையாளம் அது. புதுத் தட்டின் மேல் மோகம் கொண்ட சேகரிப்பாளர்கள் இதைக் கறை என்று கருதி அழிப்பதுண்டு. அது தவறு. ஒரு பாட்டு எந்த ஊரில் ஒலித்தது என்பதற்குப் பெரும்பாலும் வேறு சான்று கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட தட்டுதான் மிகவும் தேய்ந்தது. அதிகம் ஓடாத தட்டு பளபளப்பாகத் தப்பித்தது. இன்று நல்ல நிலையில் கிடைப்பதை மட்டும் வைத்து அன்றைய ரசனையை அளந்தால் கணக்கு தலைகீழாகும்.

1950-களின் பிற்பகுதியில் நெடுந்தட்டும் (எல்.பி.) நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இ.பி. தட்டும் வந்தன. கைதவறினால் நொறுங்கும் 78 சுற்று அரக்குத் தட்டின் இடத்தை வினைல் பிடித்தது. 1970 வாக்கில் 78 சுற்றுத் தட்டின் தயாரிப்பு இந்தியாவில் ஓய்ந்தது. நான்கு பாட்டு கொண்ட ஏழு அங்குல இ.பி. மைக் செட்காரருக்கு வசதியான அளவு. படத்தின் கதை வசனமே தட்டாக வந்த வகை தமிழ்நாட்டில் தனிப் புகழ் பெற்றது. ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு கோவில் விழாக்களில் ஒலித்தது. 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் வசனம், கேசட்டாக டீக்கடை தோறும் ஓடியது. படம் பார்க்காதவர்களும் வசனம் ஒப்பித்த காலம் அது.

தட்டு விலைக்கு வாங்குவது. வானொலி காற்றில் வருவது. சென்னை மாநகராட்சி 1930 முதல் சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. சிற்றூர்களில் பஞ்சாயத்து ரேடியோ மாலையில் பாடும். சொந்த ரேடியோ வைத்திருந்தவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. முத்திரை ஒட்டிய அந்த லைசென்ஸ் புத்தகமும் இன்று சேகரிப்புப் பொருள். 1950-களில் அமைச்சர் பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியபோது தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலிக்குத் திரும்பின. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அயல் குரல்கள் அல்ல. பிற்காலத்தில் போரால் இடம்பெயர்ந்து கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ வந்த ஈழத்தமிழர்களும் இந்த ஊர்க்காரர்களும் பகிர்ந்துகொள்ளக்கூடிய பொது நினைவு இலங்கை வானொலி.

ஒலியைச் சேர்த்து வைப்பவர்கள் காகிதத்தையும் சேர்த்து வைக்க வேண்டிய காரணம் இங்கே வருகிறது. 78 சுற்றுத் தட்டின் லேபிளில் பாடகர் பெயர், பாட்டு, சில சமயம் ராகம், தட்டு எண் இருக்கும், ஆண்டு இருக்காது. லேபிளுக்கு வெளியே பள்ளம் முடியும் இடத்தில் பொறித்த மூல எண்ணைக் கொண்டு கம்பெனிப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். அந்தப் பதிவேடு எல்லாக் கம்பெனிக்கும் மிஞ்சவில்லை. எஞ்சியிருக்கும் வழி அச்சுத்தாள். கம்பெனிகள் வெளியிட்ட புதுத் தட்டுப் பட்டியல்கள், தட்டோடு தந்த பாட்டுத் தாள், ஆனந்த விகடன் போன்ற வார இதழ்களின் விளம்பரம், சினிமாக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவைதான் தட்டுக்குப் பிறந்த தேதி எழுதுகின்றன. வானொலிக் கச்சேரிகளுக்கும் இதே கதை. மதுரை மணி ஐயரின் இசையில் இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்த கச்சேரிகள். டேப்பின் பெட்டியில் தேதி எழுதாமல் விட்டிருந்தால், சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளை முன்கூட்டி அச்சிட்ட ‘வானொலி’ இதழைத் தேடிப் பிடித்து நாள், நேரம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இசை பற்றிய எழுத்துக்கும் தனி மதிப்பு உண்டு. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பத்தி, கச்சேரி கேட்கத் தமிழ் வாசகர்களைப் பழக்கியது. சுதேசமித்திரன் வார இதழ் ஸ்வரக் குறிப்போடு பாட்டு வெளியிட்டது. மியூசிக் அகாடமியின் ஆய்விதழ் 1930 முதல் வருகிறது, என். பட்டாபிராமன் 1983-இல் ‘ஸ்ருதி’யைத் தொடங்கினார். நூலகங்கள் இதழ்களைக் கட்டும்போது அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழித்துவிடும் வழக்கம் இருந்தது. இசைத்தட்டு ஆய்வுக்கு அந்தக் கிழித்த பக்கங்களே முதன்மைச் சான்று.

1970-களின் இறுதியில் கேசட் வந்ததும் ஒலியை வைத்திருப்பதன் பொருளே மாறிப்போனது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். சென்னை பர்மா பஜாரில் காசு கொடுத்தால் கிடைத்தது. சிறு ஊரிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் திறந்தது. நோட்டுத் தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன்னிடம் உள்ள நெடுந்தட்டுகளிலிருந்து அறுபது அல்லது தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை அடுக்குவதில் ஊர்க்காரர்கள் காட்டிய அக்கறை பெரிது. உள் அட்டையில் கடைக்காரர் நுணுக்கி எழுதிய பட்டியல், அந்த வீட்டின் ரசனைக்குக் கையெழுத்துச் சான்று. பதிப்புரிமைச் சட்டப்படி இது திருட்டுப் பதிவு. 1984-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனையும் கூட்டப்பட்டது. ஆனாலும் நெடுந்தட்டு வாங்க வழியில்லாத தொழிலாளர் குடும்பங்களில் இளையராஜாவின் பாட்டுகள் நிலைத்தது இந்தக் கடைகளால்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் அறைகளில் பேசிய பொருள் டேப் ரெக்கார்டர்.

1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் வினைல் தட்டு நின்றது. மைக் செட்காரர் முதலில் கேசட் டெக்குக்கும், பிறகு சிடிக்கும், பென் டிரைவுக்கும் மாறினார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் கூம்புக் குழாய்க்கு வந்த தடையும் குழாய்களை மரத்திலிருந்து இறக்கின. பயன் தீர்ந்த சரக்கு எடைக்குப் போயிற்று. மின்மாற்றியிலிருந்து செம்பு, குழாயிலிருந்து அலுமினியம், ரெக்கார்டு பிளேயரின் அடித்தகட்டிலிருந்து இரும்பு என்று பிரித்தெடுக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் நிறைய உண்டு. வட்டாரத்துக் காயலான் கடை இரும்புக்கு எப்போதும் வாங்குபவர் காத்திருக்கும் இடம் இது. இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் பழைய பேப்பர் கடை வழியே பொட்டலம் ஆயின. தட்டுக்கு மட்டும் எடைக்கடையில் மதிப்பில்லை. அரக்கும் கல்தூளும் கரியும் கலந்த தட்டை எந்த உலையும் கேட்காது. பல பெட்டிகள் பரணில் தங்கியதற்கு அதுவே காரணம்.

1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்குப் பேரிழப்பு. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தார்கள். எரிந்த இடத்தில் எழுந்த மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்துதான் இன்று திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மின்சார ரயில்கள் புறப்படுகின்றன.

மிச்சத்தைத் தேடிச் சேர்த்தவர்கள் தனிமனிதர்கள். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைத் திரட்டியதோடு அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் வந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல், இதழ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகக் குவியல், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் தப்பி, 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. மும்பையில் 1990-இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தனக்கென இதழ் நடத்தியது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளுக்கு எண் வாரியாகப் பட்டியல் தொகுத்தார். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசநாலில் சன்னி மேத்யூ தட்டுக்கும் கருவிக்குமாக ஓர் அருங்காட்சியகமே அமைத்திருக்கிறார். திருவள்ளூர் மாவட்டம் சென்னைக்கு இத்தனை அருகில் இருந்தும் சவுண்ட் சர்வீஸ் தொழிலின் சரக்கைத் தொழிலாகவே கண்டு சேர்க்கும் முயற்சி இன்னும் வேண்டியிருக்கிறது. பாடகரைச் சுற்றியே சேகரிப்பு நடக்கிறது. பாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவரின் வாடகைச் சீட்டும் பெயர்ப்பலகையும் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

தட்டு இருந்தால் போதாது, அதற்கேற்ற கருவியும் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு நெடுந்தட்டின் முள்ளைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முள் தேவை. மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் தத்தளித்து இரைச்சலை மட்டும் எடுக்கும். சுழற்சி வேகமும் சிக்கலானது. தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் சற்றுப் பிசகினால் சுருதி ஏறியிறங்கும்; தாளமும் விரையும் அல்லது தளரும். நாகரத்தினம்மாள் எந்தச் சுருதியில் பாடினார் என்ற கேள்விக்குப் பதில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லாமல் கிடைக்காது. அலங்காரத்துக்கென இன்று விற்கப்படும் பூ வடிவப் பித்தளைக் குழாய்க் கிராமபோன்களில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. கனத்த முள்முனை தட்டைச் சீவிவிடும் என்பதால் அரிய தட்டை அவற்றில் ஓட்டக்கூடாது.

பழவேற்காடு ஏரியின் ஈரக்காற்று படும் ஊர்களில் பூஞ்சை பெரும் பகை. கேசட் நாடாவின் விளிம்பில் வெள்ளை பூத்துவிட்டால் அதை அப்படியே ஓட்டக்கூடாது. டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். வினைலைப் படுக்க வைத்து அடுக்கினால் கோடை வெயிலில் வளையும். நிமிர்த்தி, சாயாமல் வைக்க வேண்டும். உறையும் உள்ளிருந்த பாட்டுத் தாளும் தட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

சட்டமும் தேதியையே கேட்கிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் காலம் கடந்த தட்டின் ஒலியைப் பொதுவில் வைக்கலாம். பாட்டாசிரியர், இசையமைப்பாளர் உரிமை தனியே அவரவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள்வரை ஓடும். ஆண்டு தெரியாத தட்டை நூலகம் துணிந்து வெளியிட முடியாது. அதனால் ஒரு பழைய விளம்பரப் பக்கம் ஒரு தட்டையே விடுவிக்கும் ஆவணமாகிறது. நிறுவனங்கள் தங்கள் கையிருப்பைத் தாங்களே மறுபடி விற்கின்றன. ஹெச்எம்வியின் வாரிசான சரிகமா 2017-இல் கொண்டுவந்த கேரவான் பெட்டி அப்படிப்பட்டது. அதில் விற்பனைக்கு உகந்த திரைப்பாட்டு இருக்கும். ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்துக்காரர் பாடியதை டூ-இன்-ஒன்னில் பிடித்த கேசட்டும், ஊர் நாதஸ்வரக்காரரின் கல்யாணக் கச்சேரிக் கேசட்டும் எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லை. ஒரே படியாக வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அந்த நாடாக்கள், ஓட்டுவதற்கு டெக் கிடைக்கும் காலத்துக்குள் மாற்றிப் பதிவு செய்யப்பட வேண்டியவை.